கண்மைப் பொட்டும் ஒரு பழைய லெப்டொப்பும்

என் ஓரகத்திக்குப் புது லெப்டொப் வந்த அன்று அவள் செய்த முதல் வேலை, கண்மை டப்பாவைத் திறந்து அதன் மூடி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்ததுதான். பச்சைப் பிள்ளையின் கன்னத்தில் வைப்போமே, அதே திருஷ்டிப் பொட்டு. யாருடைய கண்ணுக்குப் பயந்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் லெப்டொப்பைப் பற்றி வேறு யாருக்கும் ஒரு கவலையும் கிடையாது. அதைப் பார்த்து வயிறு எரியக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

நான் மூத்த மருமகள், அவள் இளையவள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறோம். நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரைத் தகரம் வரை போகாது. அவள் வெங்காயம் வதக்கினால் எனக்குக் கண் எரியும். நான் இருமினால் அவள் அங்கிருந்து தண்ணீர் குடிக்கச் சொல்வாள். என் வீட்டுக்காரர் நானுஓயா ஸ்டேசன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். அவள் வீட்டுக்காரர், அதாவது என் கொழுந்தன், கட்டாரில் இருக்கிறார். லெப்டொப் அங்கிருந்து வந்தது. சாம்பல் நிறம், மெலிசு. திறந்தால் ஒரு சத்தமும் இல்லாமல் உடனே வேலைக்கு வந்துவிடும்.

நாங்கள் இருவரும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறோம். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற அம்மாமார் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார்கள். அங்கே பொறுப்பாக இருக்கும் அம்மா ஓய்வுபெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்கு எங்கள் இரண்டு பேரில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிற ஆன்லைன் வகுப்பை முடிக்க வேண்டும், முடித்ததும் கண்டியிலிருந்து படிப்பிக்கிற மிஸ் யாரைச் சொல்கிறாரோ அவருக்குப் பொறுப்பு. நான் அந்தப் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு முன்பே சேர்ந்தவள். தொட்டில் கட்டுகிற கயிறு முதல் கஞ்சிச் சட்டி வரை என் கை பட்டது. அந்த இடம் எனக்குத்தான் என்று மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

வகுப்புக்கு அவளுடைய லெப்டொப்பில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரே பெஞ்சு, ஒரே போர்வை, ஒரு குவளை பிளேன்டீ. தோட்டத்தில் சிக்னல் இழுத்துக்கொண்டு நிற்பதால் கேமராவைத் திறப்பதில்லை. திரையில் கறுப்புக் கட்டம், கட்டத்துக்குள் அவளுடைய பேர். மிஸ் கேள்வி கேட்டால் அவளுக்கு வாய் வராது. முழங்கையால் என்னை இடிப்பாள். நான் பதில் சொல்வேன். மிஸ் உடனே அவள் பேரைச் சொல்லி, "ரொம்பச் சரி, இவங்க சொன்னத எல்லாரும் எழுதிக்கோங்க" என்பார். வரவை அலுவலகத்திலிருந்து வேறு ஒருவர் போனில் கேட்டு எடுத்ததால், நான் என்று ஒருத்தி அந்தப் பெஞ்சில் இருப்பதே மிஸ்ஸுக்குத் தெரியாது.

தோட்டத்தில் பேர் என்பது லேசுப்பட்ட சங்கதி இல்லை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதற்குத்தான் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள். என் அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. நான் மலைக்கே போகாதவள், எனக்கு அரைப்பேர் விழாது என்று நினைத்திருந்தேன். இங்கே கொழுந்து முழுக்க நான் கிள்ளிப் போட, பேர் முழுக்க அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மிஸ்கிட்ட சொல்லிரலாங்க்கா, பதில் சொல்றது நீங்கதான்னு" என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

"வேணாம். என்னோட லெப்டொப்ல வந்து நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். என்னோட லெப்டொப் என்று நான் சொன்னது, என் தம்பி கெம்பஸில் படித்த காலத்தில் பாவித்து, வேலை கிடைத்ததும் எங்கள் அலமாரிக்கு மேலே போட்டுவிட்டுப் போனதை. ஒரு பக்கத்துப் பிணைச்சல் உடைந்து மூடி தொங்கியது. பொத்தானை அமுக்கிவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டு வந்தால்கூட விண்டோஸ் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் ஆட்டோவின் பழைய கிளச் வயரை எடுத்துப் பிணைச்சலை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். பார்க்க லட்சணமாக இல்லை. அவள் வீட்டு லெப்டொப்பை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்க இன்னும் பத்திக்கொண்டு வந்தது.

நுவரெலியா டவுனில் போனும் கம்ப்யூட்டரும் திருத்துகிற முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன், நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் திறந்து, தட்டி, முகர்ந்தும் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்குப் புது விண்டோஸ் தாங்காது. மெஷின்ல பழுதில்ல, வயசுதான். லினக்ஸ் போடுங்க. அது சும்மா கெடைக்கும், வைரஸ் தொல்லையும் கொறைவு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்களே நானா."

"பழகாதவங்களுக்குனே லேசா செஞ்சது இருக்கு. நான் பழைய மெஷின் ஒண்டுல இருந்து ரேம் கழட்டிப் போட்டுத் தாறேன். லினக்ஸ நீங்க நெட்டுல எறக்கி ஒரு பென் டிரைவ்ல ஏத்தணும். அத வேற நல்ல மெஷின்ல வச்சுத்தான் செய்யலாம். வீட்டுல இருக்கா?"

நல்ல மெஷின் வீட்டில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், மூடியில் பொட்டோடு இருந்தது. அவளுடைய லெப்டொப்பிலிருந்து தப்பிக்க அவளுடைய லெப்டொப்பிடமே போய் நிற்க வேண்டும் என்று நானா சொன்ன மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தேன்.

அவள் கேட்டவுடன் சரி என்றாள். கொஞ்சம் முகம் சுளித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன்னுடைய பென்னில் இருந்த கல்யாணப் படங்களை லெப்டொப்புக்கு மாற்றிவிட்டு, "இந்தாங்கக்கா, காலியாத்தான் இருக்கு" என்று நீட்டினாள். இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். லினக்ஸ் என்றால் ஒன்று என்று நினைத்திருந்தேன். பார்த்தால் புடவைக்கடையில் அலமாரியைத் திறந்துவிட்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. எல்லாமே லினக்ஸ்தான், உடுப்புத்தான் வேறு.

"இதுல ஆரம்பக்காரங்களுக்குனு போட்டிருக்குக்கா. மின்ட்டாம். நம்ம புதினா. பழைய மெஷினுக்குப் பாரம் கொறைஞ்சதும் இருக்காம். இத எடுங்க" என்றாள்.

ஆரம்பக்காரி என்று என்னை அவள் சொன்னது எங்கேயோ போய்த் தைத்தது. அவள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்த புதிதில் கஞ்சிக்கு உப்புப் போடச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் காட்டிய படத்தையும் பார்த்தேன். கீழே ஒரு பட்டை, மூலையில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். தபால் கந்தோர் கம்ப்யூட்டர் மாதிரி. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. ஜன்னல்கள் கண்ணாடியாய் மினுங்கின, மூடினால் புகையாகச் சுருண்டு மறைந்தன, கீழே படங்கள் வரிசையாக எம்பி எம்பிக் குதித்தன. பார்ப்பதற்கு அவளுடைய லெப்டொப்பையே தூக்கிச் சாப்பிடும்.

"இதுதான் எனக்கு வேணும்" என்றேன்.

"அது புது மெஷினுக்குனு எழுதியிருக்கேக்கா?"

"நானா ரேம் போட்டுத் தந்திருக்காரு."

அவள் மறுபேச்சுப் பேசாமல் இறக்கத் தொடங்கினாள். பிள்ளைக்காம்பராவுக்குப் போகும்போது திறந்தபடி விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தபோது முடிந்திருந்தது. பென்னில் ஏற்றி என் லெப்டொப்பில் குத்தினோம். லினக்ஸில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. உள்ளே குடியேற்றாமலே, பென்னில் இருந்தபடியே ஓட்டிப் பார்க்கலாம். பொண்ணு பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி ஜன்னல் பாதி திறந்து நின்றது. உள்ளே இருக்கிற காற்றாடி அலறத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து, "என்னா, மில்லு ஓடுதா உள்ள?" என்றார். சுட்டியை நகர்த்தினால் அது யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. குதிக்க வேண்டிய படங்கள் குதிக்கவே இல்லை.

அவள் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. "மத்தத எறக்குறேன்க்கா, இருங்க" என்று பென்னைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் அந்தப் புதினாவை, பாரம் குறைந்த உடுப்போடு, குத்திப் பார்த்தோம். எனக்குப் பிடிக்கக்கூடாது என்று முடிவோடுதான் உட்கார்ந்தேன். அது அலட்டாமல் வந்து நின்றது. காற்றாடி முணுமுணுத்துவிட்டு அடங்கியது. போனிலிருந்து இணைப்பைப் பிடித்துக்கொண்டது. சத்தம் வந்தது, மைக் கேட்டது. கீழ் மூலையில் பொத்தான், அதை அழுத்தினால் எல்லாம் வரிசையாக இருந்தது. விண்டோஸில் கை எங்கே போகுமோ அங்கேயே எல்லாம் இருந்ததால் எதையும் தேடவே வேண்டியிருக்கவில்லை. தமிழில் எழுதுவதற்கும் வழி இருந்தது. அவள் சொன்னதே சரியாகப் போனதில் எனக்கு இருந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

"உள்ள போட்டுரலாமாக்கா? பழசெல்லாம் அழிஞ்சிரும்னு கேக்குது."

தம்பி தன்னுடையதை எல்லாம் எப்போதோ எடுத்துவிட்டான். அழியட்டும் என்றேன்.

தமிழையே தெரிவு செய்திருந்ததால் கேள்விகளும் தமிழில் வந்தன. எந்த நாடு, எந்த விசைப்பலகை என்று கேட்டுவிட்டு, கடைசியில் 'உங்கள் பெயர்' என்று ஒரு கட்டம் வந்தது. நான் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"முழுப்பேரா போடுங்கக்கா" என்றாள்.

அப்பா பேரையும் சேர்த்து முழுசாக, ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அடுத்த கட்டத்தில் பயனர் பெயர் என்று இருந்தது. அதை நான் தொடவே இல்லை, கம்ப்யூட்டர் தானாகவே என் பேரை நடுவில் வெட்டி, பாதியை மட்டும் சின்ன எழுத்தில் போட்டு வைத்திருந்தது.

"ஐயோ அக்கா, இதுவும் அரைப்பேர் போட்டுருச்சு!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்ன என்று எட்டிப் பார்த்தார். நாங்கள் சொன்னதும், "அப்ப இதுவும் தோட்டத்து மெஷின்தான்" என்றார். முடிந்து மறுபடி திறந்தபோது திரையில் என் பேர் முழுசாக வந்து நின்றது. அரைப்பேரை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே முழுப்பேரைக் காட்டியது. அதற்காகவே அதை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த வாரம் இன்னொரு விஷயமும் நடந்தது. சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டாரிலிருந்து வீடியோ கோல் வரும். கொழுந்தன் ஏதாவது சொல்ல, இவள் சிரிக்க, என் வீட்டில் ரொட்டி கருகும். அந்த வாரம் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் இல்லை, மறுநாளும் இல்லை. சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறைப்பானேன், உள்ளுக்குள் இனித்தது. புது லெப்டொப் அனுப்பினால் ஆச்சா, ஆள் பேச வேண்டாமா என்றுகூட ரொட்டியைப் புரட்டிக்கொண்டே நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி எனக்கு எடுத்தான். அவகிட்ட டேட்டா முடிஞ்சிருச்சாம். மாசத்துக்கு அவன் போட்டு விட்டது எல்லாம் ஒங்க லினக்ஸுக்கே போயிருச்சாம். ஏன், ஒங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. இரண்டு தடவை இறக்கியதில் முதல் தடவை வீணாகப் போனது, என் கண்ணாடி ஜன்னல் ஆசையால். இனித்துக்கொண்டிருந்தது கசந்துபோயிற்று. அவரை என் போனிலிருந்து அவளுக்கு டேட்டா போட வைத்தேன். அதற்கும் அவள் சுவருக்கு மேலால், "எதுக்குக்கா, நான் கேட்டனா?" என்றாள். எனக்குக் கோபந்தான் வந்தது. நல்லவளாக இருக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கிளச் வயர் கட்டிய லெப்டொப்பை என் வீட்டு மேசையில் வைத்து, போனுக்கு வாங்கிய இயர்போனைக் குத்தி, உலாவியிலேயே வகுப்பைத் திறந்தேன். அவள் அவள் வீட்டில் உட்கார்ந்தாள். திரையில் அவள் பேர் ஒரு கட்டத்தில், என் பேர் இன்னொரு கட்டத்தில். என் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸின் குரல் என் காதில் கேட்டு, கொஞ்சம் பிந்தி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது.

பால் மறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையை எப்படிப் பழக்குவது என்று மிஸ் கேட்டார். அவள் பேரைச் சொல்லித்தான் கேட்டார். அவள் மைக்கைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். பிள்ளைக்காம்பராவில் நாங்கள் செய்வதைச் சொன்னேன். அம்மாவின் பழைய சேலைத் துண்டைத் தொட்டிலில் போட்டு வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்ல பதில்" என்றார் மிஸ். என் பேரை முழுசாக வாசித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்களா? இவ்வளவு நாள் உங்களக் காணலையே. பரவாயில்ல. உங்க தோட்டத்துலயே ரொம்பக் கெட்டிக்காரி ஒருத்தங்க இருக்காங்க. விட்டுப்போன பாடத்தை அவங்ககிட்ட கேட்டுப் படிச்சுக்கோங்க."

கெட்டிக்காரி யார் என்று பேரையும் சொன்னார். என் முகத்தில் ஈயாடவில்லை. மாதக்கணக்காக நான் கிள்ளிப் போட்டதெல்லாம் அந்தப் பேரில் ஏறிக் கிடக்கிறது, நான் இன்றைக்குத்தான் கூடை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று மைக்கை மூடினேன்.

அப்போது அவளுடைய குரல் கேட்டது. முதலில் சுவருக்கு மேலால், பிறகு இயர்போனில்.

"மிஸ், ஒரு விஷயம் சொல்லணுங்க. இவ்வளவு நாளும் பதில் சொன்னது நான் இல்லீங்க. எங்க அக்காதான். எங்கிட்ட மட்டுந்தான் லெப்டொப் இருந்துச்சு, அதான் என் பேரு விழுந்துச்சு. எனக்கு அவ்வளவு தெரியாதுங்க மிஸ். எல்லாம் அவங்க பேருல போடுங்க."

பிறகு மிஸ், "எவ்வளவு நேர்மையா சொல்றீங்க!" என்றார். "யாருக்கு வரும் இந்த மனசு? பிள்ளைகளப் பொறுப்பா பாக்குறவங்களுக்கு இதுதான் வேணும். எல்லாரும் இவங்களுக்குக் கை தட்டுங்க."

கட்டம் கட்டமாகக் கைதட்டல் வந்தது. கெட்டிக்காரி என்ற பேரை எனக்குக் கழற்றித் தந்துவிட்டு, நல்லவள் என்ற பேரை ஒரே நிமிடத்தில் அவள் வாங்கிக்கொண்டாள். பொறுப்பு யாருக்குப் போகும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு அப்படியேதான் ஆனது.

வகுப்பு முடிந்து நான் லெப்டொப்பை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். கையில் அந்தக் கண்மை டப்பா. கேட்காமலே விரலில் தொட்டு, என் லெப்டொப்பின் மூடி ஓரத்தில், கிளச் வயருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அவளுடையதைவிடப் பெரிதாகவே வைத்தாள்.

"இந்த ஓட்டை லெப்டொப்ப யாருடி கண்ணு வைக்கப் போறா?"

"என் கண்ணுதான்க்கா" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் லெப்டொப்பைப் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் மிச்சக் கிளச் வயருமாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னா பேசினாலும் அந்தப் பக்கம் கேக்கும்க்கா. மில்லு ஓடுதானு அவர் கேட்டது, நீங்க திட்டினது, கிளச் வயர தேடுனது. எனக்கு எது ஒடஞ்சாலும் புதுசுதான் வரும். கட்டிக்குடுக்க ஆள் வர்றதில்ல."

அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கினேன். எழுந்து வாசலுக்குப் போய், அவர் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தேன். அவர், "என்னா இது?" என்று தடவிக் கறுப்பாக்கிக்கொண்டார். அதைப் பார்த்து அவள் முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.